மாவட்டத் திறன் திட்டத்துக்கு என்ன இலக்கு வைப்பது?

கேள்வி (ஜூன் 3)

எங்கள் மாவட்டத் திறன் குழுவுக்கு அடுத்த ஆண்டுத் திட்டம் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. இரண்டு எண் போதும் என்பது என் கருத்து: எத்தனை பேருக்குப் பயிற்சி, அதில் எத்தனை சதவீதம் பேருக்கு வேலை. அதற்கு மேல் எழுதினால் கூட்டத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். பயிற்சி நிலையங்களில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள், இதில் என்ன குறை?

பதில் (ஜூன் 3, இரவு)

போதாது. அந்த இரண்டு எண்ணை வைத்துத்தான் பத்து வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

2015 ஜூலையில் மத்திய அரசு குறுகியகாலப் பயிற்சித் திட்டங்களுக்கெல்லாம் பொது நெறிமுறை கொண்டுவந்தது. சான்றிதழ் வாங்கியவர்களில் 70 சதவீதம் பேர் 3 மாதத்துக்குள் ஏதாவது வேலையிலோ சொந்தத் தொழிலிலோ இருக்க வேண்டும், பாதிப் பேராவது சம்பள வேலையில் இருக்க வேண்டும். பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா என்ற மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் பயிற்சி நிலையத்துக்குப் பணம் மூன்று தவணையாக வந்தது. பேட்ச் தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் கிடைத்ததும் 50, வேலை காட்டியதும் 20.

வட மாவட்டம் ஒன்றில் இப்படிப்பட்ட நிலையத்தில் ஆள் சேர்ப்பதும் வேலைக்கு அனுப்புவதும் சில வருடம் என் பொறுப்பாக இருந்தது. அந்தத் தவணைக் கணக்கை உற்றுப் பாருங்கள். பையன் வேலைக்குப் போகும் முன்பே 80 சதவீதம் பணம் வந்துவிடும். மீதி 20க்கு ஆஃபர் லெட்டரும் சாலரி ஸ்லிப்பும் வேண்டும். ஆறாவது மாதம் அவன் எங்கே இருக்கிறான் என்பதால் யாருக்கும் ஒரு ரூபாய் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நெறிமுறையில் ஒரு வருடம் பின்தொடர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் பணம் அதோடு கட்டப்படவில்லை. பணம் எங்கே கட்டப்பட்டிருக்கிறதோ அங்கேதான் நிலையத்தின் கவனம் இருக்கும்.

எனவே என் பதில்: வேலைக்குச் சேர்ந்தவர்களை எண்ணாதீர்கள். ஒரு வருடம் கழித்து வேலையில் இருப்பவர்களை எண்ணுங்கள்.

ஜூன் 4

காலையில் யோசித்தபோது இன்னொன்று. "எத்தனை பேருக்குப் பயிற்சி" என்பதே எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மேலிருந்து. 2009 தேசியத் திறன் கொள்கை 2022க்குள் 50 கோடிப் பேர் என்றது. 2015இல் வந்த புதிய கொள்கை ஏறத்தாழ 40 கோடிப் பேருக்குப் பயிற்சி தேவை என்று கணக்குப் போட்டது. இப்படி ஒரு எண் டெல்லியில் பிறந்தால் அது மாநிலத்துக்கு இத்தனை, மாவட்டத்துக்கு இத்தனை, நிலையத்துக்கு இத்தனை என்று வகுபட்டுக்கொண்டே வரும். கடைசியில் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கும் ஒரு மொபிலைசர் கையில் "இந்த மாதம் 30 பேர்" என்று நிற்கும். இந்த எண்களைத் துரத்தும் போக்கை 2016இல் சாரதா பிரசாத் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு கடுமையாகவே விமர்சித்தது.

கௌசல் விகாஸின் முதல் சுற்று ஒரு வருடத்தில் 24 லட்சம் பேர் என்று தொடங்கியது. இரண்டாவது சுற்று, 2016 முதல் 2020 வரை, 1 கோடி. மூன்றாவது சுற்று 2021இல் 8 லட்சமாகச் சுருங்கியது. இந்த ஏற்ற இறக்கத்துக்கும் உங்கள் மாவட்டத்தில் எத்தனை வெல்டர் தேவை என்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஜூன் 4, மாலை

முன் அனுபவ அங்கீகாரம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஏற்கெனவே வேலை தெரிந்த கொத்தனாருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் சிறிய அறிமுக வகுப்பு, தேர்வு, சான்றிதழ். நல்ல திட்டம். இருபது வருடம் கரண்டி பிடித்த ஒருவர் கையில் முதல்முறையாக அரசுச் சான்றிதழ் வரும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது புதிய வேலை அல்ல. அந்த எண்ணையும் மூன்று மாதம் வெல்டிங் கற்ற பையனின் எண்ணையும் ஒரே கூட்டலில் போடக்கூடாது. தனி வரி, தனி இலக்கு. அவருக்கு வைக்க வேண்டிய கேள்வி வேறு: சான்றிதழுக்குப் பிறகு கூலி ஏறியதா?

ஜூன் 6

இது நீளமாக வரும்.

"70 சதவீதம் வேலை" என்ற இலக்கு வேலையை மட்டும் பாதிக்காது, யாரைச் சேர்ப்பது என்பதையும் அதுதான் தீர்மானிக்கும். மொபிலைசேஷனுக்கு ஊருக்குப் போவோம். ரேஷன் கடை பக்கத்தில், பள்ளி மைதானத்தில், சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவோம். நோட்டீஸைப் பார்த்து வருபவர்களில் பிளஸ் டூ முடித்து, வெளியூர் போகத் தயங்காத, வீட்டில் சம்மதம் உள்ள பையன் ஒருவன் இருப்பான். அவனுக்கு எங்கள் உதவி இல்லாமலே ஓரகடத்திலோ ஓசூரிலோ வேலை கிடைக்கும். எட்டாவதோடு நின்ற பெண், கணவன் விட்டுப்போன பிறகு இரண்டு குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கிறவர், கால் ஊனமுள்ள இளைஞர் ஆகியோரும் வருவார்கள். இவர்களுக்குத்தான் இந்தத் திட்டமே. ஆனால் 70 சதவீதம் காட்ட வேண்டிய நிலையம் யாருக்கு முதலில் படிவம் கொடுக்கும்?

இது கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. என்னோடு வேலை பார்த்த மொபிலைசர்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள், நல்லவர்கள். மாதக் கடைசியில் அவர்கள் சம்பளமும் அந்த எண்ணில்தான் இருந்தது.

அமெரிக்காவில் இதே கதை நாற்பது வருடத்துக்கு முன் நடந்திருக்கிறது. 1982இல் வந்த வேலைப் பயிற்சிக் கூட்டாண்மைச் சட்டம் முதன்முறையாக வட்டார நிலையங்களுக்குச் செயல்திறன் இலக்கு வைத்தது. பயிற்சி முடிந்து வெளியேறும் நாளில் வேலை இருக்கிறதா என்பதுதான் அளவு. உடனே பாலின் மேலாடையை எடுப்பதுபோல எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பொருளாதார ஆய்வாளர்கள் எழுதத் தொடங்கினார்கள். பிறகு சோதனை முறையில், பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தக் குறுகியகால எண்ணுக்கும் நீண்டகாலத்தில் பயிற்சி உண்மையில் கூட்டிய வருமானத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை என்று தெரிந்தது. அதிக சதவீதம் காட்டிய நிலையம் அதிகம் உதவிய நிலையமாக இருக்க வேண்டியதில்லை. எப்படியும் வேலைக்குப் போயிருக்கக்கூடியவனை அது சேர்த்திருக்கலாம்.

ஜூன் 7

"அமெரிக்காக்காரன் இப்போது என்ன செய்கிறான்" என்று கேட்டிருக்கிறீர்கள். 2014 ஜூலையில் கையெழுத்தான புதிய சட்டத்தில் ஆறு அளவுகள் உள்ளன. வெளியேறிய பிறகு இரண்டாவது காலாண்டில் வேலையில் இருக்கிறாரா, நான்காவது காலாண்டில் இருக்கிறாரா, இரண்டாவது காலாண்டில் இடைநிலைச் சம்பளம் (வரிசையில் நடுவில் இருப்பவரின் சம்பளம்) என்ன, சான்றிதழ் பெற்றாரா, படிக்கும்போதே திறன் கூடுகிறதா, முதலாளிகளுக்கு இது பயன்பட்டதா.

ஆறில் எனக்குப் பிடித்தது நான்காவது காலாண்டு. ஏறத்தாழ ஒரு வருடம்.

அதைவிட முக்கியமானது, இலக்கை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைப்பதில்லை. மாநிலத்தோடு பேசித் தீர்மானிக்கிறார்கள். அந்த ஊரில் வேலையின்மை எவ்வளவு, வந்தவர்களில் படிப்பு குறைந்தவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று பார்த்து, புள்ளியியல் மாதிரி ஒன்றை வைத்து எதிர்பார்ப்பைக் கூட்டிக் குறைக்கிறார்கள். கடினமானவர்களைச் சேர்த்த நிலையத்துக்கு 50 சதவீதமே வெற்றியாக இருக்கலாம். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் சேர்க்கையில் தள்ளிவிடும் ஆசையைக் குறைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 7, இரவு

புள்ளியியல் மாதிரியெல்லாம் நம் மாவட்ட அலுவலகத்தில் யார் போடுவது என்று ஒருவர். தேவையில்லை. இரண்டு வகையாகப் பிரித்தாலே போதும். பத்தாம் வகுப்புக்குக் கீழே, தனித்து வாழும் பெண், மாற்றுத்திறனாளி, பழங்குடிக் குடியிருப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் வருகிறவர்கள் ஒரு வகை. மற்றவர்கள் இன்னொரு வகை. சேர்க்கையில் முதல் வகைக்கு இத்தனை சதவீதம் என்று கட்டாயம். வேலை இலக்கு இரண்டுக்கும் வேறு வேறு. ஒரு எக்செல் ஷீட்டில் முடியும்.

ஜூன் 10

"பிள்ளைகளே வேலையில் நிற்பதில்லை, அதற்கு நிலையம் என்ன செய்யும்?" என்று தருமபுரியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கூடவே "பிரியாணி போட்டால் நிற்பார்களா" என்றும். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அது நிஜமான கேள்வி, ஏனென்றால் சாப்பாடும் ஒரு காரணம்தான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு எங்கள் பெண்கள் பேட்ச் ஒன்று போனது. தீபாவளிக்கு ஊர் வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒருத்திக்கு ஹாஸ்டலில் குழாய்த் தண்ணீர் பிரச்சினை. இன்னொருத்திக்கு நைட் ஷிஃப்ட்டில் தலைசுற்றல். ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பல வீடுகளில் ஒரே பதில்: "கைக்கு ஒண்ணும் வரலீங்க."

அந்தக் கணக்கை எல்லாரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஆஃபர் லெட்டரில் 14,000 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத்தொகைக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தால் 12 சதவீதம், அதாவது 1,680. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம், 105. தங்கவும் சாப்பிடவும் 2,500 பிடித்தால் கையில் 9,715. அதில் போன் ரீசார்ஜ், சோப்பு, ஊருக்குப் பஸ். பக்கத்து டவுன் ஜவுளிக்கடையில் 8,000 கொடுக்கிறார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மா எதைச் சொல்வார்? பி.எஃப். சேமிப்புதான், பிறகு கிடைக்கும் என்று நாங்கள் சொன்னது அந்த அம்மாவுக்குப் புரியாமல் இல்லை. இந்த மாத வட்டிக்கு அது உதவாது, அவ்வளவுதான்.

ஆக, "நிற்பதில்லை" என்பது பிள்ளைகளின் குணம் அல்ல. அந்தச் சம்பளத்தில், அந்தத் தங்குமிடத்தில், அந்தத் தூரத்தில் அந்த வேலை நிற்கத் தக்கதாக இல்லை. 3 மாத இலக்கு இந்த உண்மையை மறைக்கிறது. 12 மாத இலக்கு வைத்தால் நிலையமும் அரசும் தங்குமிடத்தையும் கைச்சம்பளத்தையும் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில், மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தது. வேலைவாய்ப்புக் கொள்கையில் கட்டில், கழிப்பறை, தண்ணீர் எல்லாம் சேரும் என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 11

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. நம் நாட்டுத் திட்டம் ஒன்றே இதை ஓரளவு சரியாகச் செய்திருக்கிறது. 2014 செப்டம்பரில் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் ஒருவர் 365 நாள் வேலையில் நீடித்தால் நிலையத்துக்கு 3,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்தார்கள். ஒரு வருடத்துக்குள் சம்பளம் 15,000ஐத் தாண்டி 90 நாள் நிலைத்தால் 5,000. வேலைக்குப் போன பிள்ளைக்கும் மாதம் 1,000: சொந்த மாவட்டம் என்றால் 2 மாதம், மாநிலத்துக்குள் 3, வெளிமாநிலம் என்றால் 6. முதல் சம்பளம் வரும்வரை கையைக் கடிக்காமல் இருக்க அந்த ஆயிரம் எவ்வளவு உதவும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தொகை சிறிது. எண்ணம் சரி.

ஜூன் 11, மதியம்

கௌசல் விகாஸின் நான்காவது சுற்றில் வேலைக் கணக்கைப் பயிற்சியிலிருந்து பிரித்துவிட்டார்கள், பயிற்சி பெற்றவர் தன் பாதையைத் தானே தேர்ந்தெடுக்கட்டும் என்கிறார்கள், இனி இந்த விவாதம் எதற்கு என்று ஒருவர் கேட்கிறார்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அளவு தப்பாக இருந்தால் அளவை மாற்ற வேண்டும், அளப்பதையே விட்டுவிடக் கூடாது. வேலை எங்கே என்று கேட்க யாரும் இல்லாவிட்டால் நிலையம் தனக்குச் சுலபமான கோர்ஸை மட்டும் நடத்தும்.

சுலபமான கோர்ஸ் என்றதும் ஒன்று. பொது நெறிமுறை வந்தபோது ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 38.50, 33, 27.50 ரூபாய் என்று மூன்று விகிதம் வைத்தார்கள். இயந்திரம் அதிகம் தேவைப்படும் தொழிலுக்கு அதிகம். பார்க்க நியாயம். ஆனால் ஒரு வெல்டிங் பேட்ச்சுக்கு ஆகும் கம்பி, கேஸ், மின்சாரம், கையுறை எல்லாவற்றையும் அந்த 38.50க்குள் அடக்கிப் பாருங்கள். டேட்டா என்ட்ரிக்குப் பழைய கம்ப்யூட்டர்கள் போதும். அதனால்தான் எந்த ஊருக்குப் போனாலும் டேட்டா என்ட்ரி, தையல், சில்லறை விற்பனை. இலக்கில் "எந்தத் தொழில்" என்பதும் இருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது மாவட்டத்தில் ஆள் தேடும் பட்டறைக்காரர்கள். வருடத்துக்கு ஒருமுறை அவர்களைக் கூப்பிட்டுக் காபி கொடுத்து அனுப்பினால் போதாது. "எத்தனை பேரை, எந்தச் சம்பளத்தில் எடுப்பேன்" என்று எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

ஜூன் 13

வேலைவாய்ப்பு முகாம்களையும் இலக்கில் சேர்க்கலாமா? சேருங்கள், ஆனால் மேடையில் கொடுத்த பணி நியமன ஆணைகளை எண்ணாதீர்கள். முகாம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சேர்ந்திருப்பவர்களை எண்ணுங்கள்.

ஜூன் 15

ஒரு வருடம் கழித்து ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இப்போது அதிகம் பேர் கேட்பது. நியாயமான கேள்வி. போன் எண் மாறிவிடும். நிலையத்தையே கேட்டால் நிலையம் தனக்குச் சாதகமாகத்தான் சொல்லும்.

பி.எஃப். வழி இருக்கிறது. பி.எஃப். பிடிக்கப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் யூ.ஏ.என். என்ற ஒரே கணக்கு எண் உண்டு, கம்பெனி மாறினாலும் எண் மாறாது. பயிற்சியில் சேர்ந்தவரின் சம்மதத்தோடு அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் 12ஆம் மாதம் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். அமெரிக்காவில் வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகள் கொடுக்கும் சம்பளப் பதிவேட்டை வைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். யாரையும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு பையன் முதல் கம்பெனியை விட்டு 2,000 ரூபாய் அதிகம் தரும் அடுத்த கம்பெனிக்குப் போனால் பழைய கணக்கில் அவன் "விட்டுவிட்டான்". யூ.ஏ.என். கணக்கில் அவன் முன்னேறியிருக்கிறான்.

ஜூன் 16

பி.எஃப். வழியின் எல்லையைக் கரூரிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரியான விஷயம், விரிவாகவே சொல்கிறேன். பி.எஃப். சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கு, இ.எஸ்.ஐ. பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கு. நம் பிள்ளைகள் பலர் போவது ஐந்து பேர் இருக்கும் பட்டறைக்கு, ஏ.சி. மெக்கானிக்கிடம் உதவியாளாக, அல்லது சொந்தமாகத் தையல் மெஷின் போட்டு. பி.எஃப். எண்ணை மட்டும் பார்த்தால் அவர்கள் எல்லாரும் வேலையில்லாதவர்கள். அப்படி ஒரு இலக்கு வைத்தால் நிலையங்கள் எல்லாரையும் பெரிய தொழிற்சாலை வேனில் ஏற்றிவிடும். ஊரிலேயே பிழைக்கக்கூடிய பையனைக்கூட ஏற்றிவிடும்.

எனவே இரண்டும் வேண்டும். பதிவேட்டில் தெரிகிறவர்களுக்குப் பதிவேடு. தெரியாதவர்களுக்கு நேரில் ஆள். அந்த ஆள் நிலையத்தின் ஆளாக இருக்கக் கூடாது. சுயஉதவிக் குழுக்களைக் கவனிக்கும் அரசின் மகளிர் திட்டத்தில் ஊர் ஊராகச் சமூக வள பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து அவர்களைக் கேட்கச் சொல்லலாம்.

ஜூன் 16, இரவு

"ஒரு வருடம் காத்திருந்தால் கலெக்டரே மாறிவிடுவார்" என்பது உண்மை. அதற்காக 12 மாத எண்ணைக் கைவிட வேண்டாம். நடுவில் பார்க்க 1ஆம் மாதம், 3ஆம் மாதம், 6ஆம் மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பணத்தோடு கட்டாதீர்கள், எச்சரிக்கைக்காக மட்டும். ஒரு பேட்ச்சில் முதல் மாதத்திலேயே கால்வாசிப் பேர் திரும்பிவிட்டால் அந்தக் கம்பெனிக்கு அடுத்த பேட்ச்சை அனுப்பும் முன் யாராவது போய் அந்த ஹாஸ்டலைப் பார்க்க வேண்டும். திரும்பி வந்த ஒவ்வொருவரிடமும் ஏன் என்று கேட்டு எழுதுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் படிவத்தில் "டிராப் அவுட்" என்று ஒரு கட்டம்தான் இருந்தது. காரணம் எழுத இடமே இல்லை. என் நோட்டில் நானாக எழுதி வைத்த காரணங்கள்தான் பிறகு கம்பெனிக்காரர்களிடம் பேச உதவின. நைட் ஷிஃப்ட்டை முதல் மாதம் தவிர்க்க ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டது. அடுத்த பேட்ச்சில் அதிகம் பேர் நின்றார்கள்.

ஜூன் 19

பயிற்சியாளர்களை எல்லாரும் மறந்துவிட்டோம். பேட்ச் நடுவில் பயிற்சியாளர் மாறினால் பிள்ளைகள் பாதி வராமல் போவார்கள். காரணம் நிலையத்தில் பணம் தவணையில் வருகிறது, பயிற்சியாளர் சம்பளம் தள்ளிப்போகிறது. தொடங்கிய பயிற்சியாளரே முடிக்க வேண்டும் என்று ஒரு வரி இலக்கில் இருக்கட்டும். சரிபார்க்கச் செலவே இல்லை.

ஜூன் 21

கேட்டவர் தன் வரைவை அனுப்பியிருக்கிறார், பார்த்தேன். முன்பு "5,000 பேருக்குப் பயிற்சி, 70 சதவீதம் வேலை" என்று இருந்தது. இப்போது பயிற்சி எண்ணைக் குறைத்து, மூன்றில் ஒரு பங்கு இடத்தை முதல் வகைக்கு ஒதுக்கி, 12ஆம் மாதம் ஏதாவது ஒரு வேலையில் இருப்பவர்களையும் அவர்களின் கைச்சம்பளத்தையும் தலைப்பாக வைத்திருக்கிறார். நல்ல மாற்றம். என் பக்கத்திலிருந்து மூன்று.

கைச்சம்பளத்துக்குச் சராசரி போடாதீர்கள். நன்றாகச் சம்பாதிக்கும் நான்கு பேர் மற்றவர்களை மறைத்துவிடுவார்கள். வரிசையாக நிறுத்தி நடுவில் இருப்பவரின் சம்பளத்தைப் போடுங்கள். ஆண், பெண் தனித்தனியாக.

முதல் வருடம் 12 மாத இலக்குக்கு எண் போடாதீர்கள். உங்கள் மாவட்டத்தில் இப்போது எவ்வளவு என்றே யாரும் அளந்ததில்லை. போன வருடம் முடித்த பேட்ச்களில் சிலவற்றை எடுத்து வீடு தேடிப் போய்க் கேட்டு, அந்த எண்ணை அடிப்படையாக வையுங்கள். அது 30 என்று வந்தாலும் அப்படியே எழுதுங்கள். கூட்டத்தில் யாராவது முகம் சுளித்தால், எண் குறைவு என்பதற்காக இந்த வருடம் எந்த நிலையத்தின் பணமும் பிடிக்கப்படாது என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பதைக் காட்டுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் நிலையங்கள் உண்மையான எண்ணைத் தராது.

மூன்றாவது, வீடு தேடிப் போகிறவர்களுக்கான பஸ் செலவும் படியும் உங்கள் வரைவின் பட்ஜெட்டில் இல்லை. கூட்டம் வியாழக்கிழமை என்கிறீர்கள், அதற்குள் சேர்த்துவிடுங்கள்.